வைவதற்கு வார்த்தையில்லாத பாஷை

என் வீட்டுக்காரர் ஒரு பாஷை செய்தார். சில வீட்டுக்காரர்கள் சீட்டாடுவார்கள், சிலர் புறா வளர்ப்பார்கள், சிலர் ஊர் வம்பையெல்லாம் வீட்டுக்குள் கொண்டுவருவார்கள். அதெல்லாம் பெண்டாட்டி சகித்துக்கொள்ளக்கூடிய பழக்கங்கள். வெளியே சொன்னால் நாலு பேருக்குப் புரியும், "ஐயோ பாவம்" என்பார்கள். பாஷை செய்கிறார் என்று நான் யாரிடம் போய்ச் சொல்லுவது? சொல்லிப் பார்க்கவும் செய்தேன். திருவில்லிபுத்தூரில் என் அண்ணனிடம் சொன்னபோது, "கெட்ட பழக்கம் ஒண்ணும் இல்லையே, விடு" என்றான். அண்ணன் மேல் அன்றைக்கு வந்த எரிச்சல் இன்னும் முழுதாக அடங்கவில்லை.

கலியாணம் ஆகி நாங்கள் ராஜபாளையத்தில் குடியிருந்தோம். அப்போது அங்கே நூல் மில் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. இவருக்கு மில்லில் டைம் ஆபீஸ் வேலை. யார் எப்போது உள்ளே வந்தான், யார் வரவில்லை என்று குறிப்பது. மேஸ்திரிகள் தெலுங்கு பேசுவார்கள், ஆட்கள் தமிழ் பேசுவார்கள், ஃபிட்டர் மலையாளம், இயந்திரம் பூட்ட வந்திருந்த துரைக்கு இங்கிலீஷைத் தவிர எதுவும் தெரியாது. துரை ஒன்று சொல்ல, ஃபிட்டர் ஒன்று புரிந்துகொள்ள, மேஸ்திரி வேறொன்றைக் கத்த, கடைசியில் கூமாப்பட்டியிலிருந்து வேலைக்கு வந்த ஓர் ஆள் கையை எங்கே வைக்கக்கூடாதோ அங்கே வைத்துவிட்டான். விரல் போயிற்று. அதைப் பார்த்துவிட்டு வந்த அன்று இவர் சோறு சாப்பிடவில்லை.

"எல்லாருக்கும் ஒரே பாஷை இருந்திருந்தா அவன் விரல் இருந்திருக்கும்ட்டி" என்றார்.

"மிஷினை நிப்பாட்டியிருந்தாலும் இருந்திருக்கும்" என்றேன்.

அதை அவர் காதில் வாங்கவில்லை. என்னுடைய நல்ல யோசனை எதையும் அவர் காதில் வாங்கியதில்லை. அடுத்த வாரம் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் வருஷக்கணக்கில் எழுந்திருக்கவே இல்லை.

அந்தப் பாஷையின் இலக்கணத்தை எனக்கு அவர் சொல்லிக்கொடுத்த விதத்தை நினைத்தால் இன்றைக்கும் தலை வலிக்கிறது. பெயர்ச்சொல் எல்லாம் 'க்' என்று முடியும். வினைச்சொல் எல்லாம் 'ட்' என்று முடியும். தண்ணீருக்குச் சலக், வீட்டுக்கு வதக், பிள்ளைக்குச் சேரக். வா என்பதற்கு எனட், சாப்பிடு என்பதற்கு உபட். ஏன் இப்படி வெட்டி வெட்டி முடிய வேண்டும் என்று கேட்டேன். எந்த ஊர்க்காரனுக்கும் சொந்தமாக இருக்கக்கூடாதாம், எல்லாரும் சமமாகக் கஷ்டப்பட வேண்டுமாம். அந்த விஷயத்தில் ஜெயித்தார் என்றே சொல்ல வேண்டும். தமிழ் பேசிய வாய் 'க்' என்று வந்து நிற்காது, ஓர் உகரத்தைப் போட்டு உட்கார்ந்தால்தான் அதற்கு நிம்மதி. நான் "சலக்கு" என்பேன். இவர் விரலைத் தூக்குவார். "உ வேண்டாம். க்-ல நிறுத்து. க்." நானும் க், க் என்று சொல்லிச் சொல்லி, பக்கத்தில் யாராவது இருந்தால் எனக்கு விக்கல் என்று நினைத்துச் செம்பில் தண்ணீர் கொண்டுவருவார்கள்.

இலக்கணமாவது ஓரளவுக்கு ஓரிடத்தில் நின்றது. எழுத்துதான் என் உயிரை வாங்கியது. முதலில் இங்கிலீஷ் எழுத்தில் எழுதினார். பிறகு அதில் ஒரே எழுத்துக்கு நாலு சத்தம் இருக்கிறது, நேர்மையில்லாத எழுத்து என்று சொல்லித் தமிழ் எழுத்துக்கு மாறினார். தமிழில் ககரத்துக்கு மூன்று சத்தம் வருகிறதே என்று பிறகு தோன்றிவிட்டது. உடனே எழுத்துக்குக் கீழே புள்ளி வைத்தார். ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, சில எழுத்துக்குப் பக்கவாட்டில் ஒரு கோடு. இதை எல்லாரும் பார்த்துப் பழக வேண்டும் என்று வீட்டிலுள்ள அத்தனை சாமானுக்கும் பெயர் எழுதி ஒட்டினார். எல்லாரும் என்றால் நான்தான், வேறு யார்? உப்பு ஜாடி, ஆட்டுரல், விளக்கு, கதவு, என் தையல் பெட்டி. கோழிக்கு ஒட்ட முடியாததால் அதன் கூட்டில் ஒட்டினார். சோற்றுக்கஞ்சியில் ஒட்டியதைக் கரப்பான் தின்றது. அது தின்னாமல் விட்டதில் ஈ வந்து உட்கார்ந்தது. ஈ எச்சம் போட்டால் அந்த எழுத்துக்கு ஒரு புள்ளி கூடிவிடும், வார்த்தை வேறாகிவிடும். இவர் மில்லிலிருந்து வந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் பார்த்து, எது அவர் வைத்த புள்ளி, எது ஈ வைத்த புள்ளி என்று தீர்ப்புச் சொல்லுவார். மாதத்துக்கு ஒருமுறை எழுத்தில் திருத்தம் வரும். பழையதைச் சுரண்டி எடுத்துப் புதியதை ஒட்ட வேண்டும். சுரண்டுவது யார் வேலை என்று நான் சொல்லத் தேவையில்லை.

அவர் மிகவும் பெருமைப்பட்டது அந்தப் பாஷையில் மரியாதைச் சொல் கிடையாது என்பதில். நீ, நீங்கள், தாங்கள் எல்லாவற்றுக்கும் 'தொ' ஒன்றுதான். முதலாளிக்கும் தொ, வாயில்காப்போனுக்கும் தொ. அவன், அவள், அவர் என்கிற பேதமும் கிடையாது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. கான்சாபுரத்திலிருந்து அவருடைய அண்ணன் ஒருநாள் வந்திருந்தார். இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தபோது நான் இலையைப் போட்டுவிட்டு, படித்த பாடத்தை மறக்காமல், இவரைப் பார்த்து "தொ உபட்" என்றேன். மனுஷனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அண்ணன் என்ன என்று கேட்டார். இவர் உண்மையைச் சொன்னார். அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். கை கழுவ வந்த இடத்தில் இவர் என் பக்கம் குனிந்து, "ஏட்டி, ஆளு இருக்கும்போது தமிழ்லயே கூப்பிடேன்" என்றார். சமத்துவம் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பாஷையில் வைவதற்கு ஒரு வார்த்தை கிடையாது. சண்டையே வராத பாஷையாம். ஐரோப்பாவில் அப்போது சண்டை தொடங்கியிருந்தது. ஒருவன் பாஷை இன்னொருவனுக்குத் தெரியாததால்தான் குண்டு போடுகிறான் என்றார். தெரிந்தால் இன்னும் நன்றாக வைதுவிட்டுப் போடுவான் என்றேன். வைவதற்கு வார்த்தையில்லாத பாஷையில் குடும்பம் நடத்துவது எப்படி? பால் பொங்கி அடுப்பில் ஊற்றினால் என்ன சொல்லுவது? புருஷன் உப்பு ஜாடியில் புள்ளி சரிபார்த்துக்கொண்டு நிற்கும்போது என்ன சொல்லுவது?

இவ்வளவும் எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்தவரை எரிச்சல்தான், வேறொன்றுமில்லை. நான் உண்டானேன். அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். ஏழாம் மாதமோ எட்டாம் மாதமோ, கால் வீங்கிப் படுத்திருந்தேன். சுடுதண்ணீர் வைத்துக் காலுக்கு ஊற்றிக்கொண்டே கேட்டார். பிள்ளை மூன்று வயது வரைக்கும் இந்தப் பாஷையை மட்டும் கேட்டு வளரட்டும், பிறந்ததிலிருந்து பேசுகிறவர் ஒருத்தராவது இருந்தால்தான் அது பாஷை, இல்லாவிட்டால் வெறும் தாள்.

"மூணு வருஷம்தாம்ட்டி. பொறவு தமிழ் படிக்கட்டும், யாரு வேண்டாம்னா?"

அவர் மோசமான மனுஷர் இல்லை, அதுதான் தொந்தரவே. அந்தக் காலத்தில் எந்த ஆண்பிள்ளை மனைவி காலுக்குச் சுடுதண்ணீர் ஊற்றினான்? குடித்துவிட்டு வந்து அடிக்கிறவராக இருந்தால் அண்ணன் வீட்டுக்குப் போயிருப்பேன். ஊற்றிய தண்ணீர் இதமாக இருந்தது, சரி என்று சொல்லிவிட்டேன். மூன்று மாதத்தில் அலுத்துவிடும் என்றும் நினைத்தேன். எதிலும் அவருக்கு மூன்று மாதம் தாண்டாது. அந்தப் பாழும் பாஷை ஒன்றுதான் தாண்டியது என்பது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை.

பெண் பிறந்தது. அம்மா, அப்பா இரண்டுக்கும் அவர் பாஷையில் ஒரே வார்த்தைதான், மீரக். நான் இதற்கு மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்றேன்.

"பெத்தவங்க ரெண்டு பேரும் ஒண்ணுதானே. இதுல அம்மா என்ன, அப்பா என்ன?"

"பெத்தது நானு" என்றேன்.

"மூணு வருஷம்" என்றார்.

ஞானஸ்நானத்துக்கு 'க்' என்று முடிகிற பெயர் வைக்க வேண்டும் என்று எங்கள் சபைக் குருவிடம் போய் நின்றார். எங்களில் குருவை ஐயர் என்போம். ஐயர் பெயரைக் கேட்டுவிட்டு, "இதைச் சொல்லித் தண்ணி தெளிச்சா பிள்ளைக்கு எதுவோ தொண்டையில மாட்டிக்கிட்டதுன்னு சபையே எந்திரிச்சு ஓடி வரும்" என்றார். சாதாரணமான ஒரு கிறிஸ்தவப் பெயரே வைத்தோம். ஐயரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது. அதற்குப் பிறகு பிள்ளையைக் கோயிலுக்குக் கொண்டுபோகவே இவர் விடவில்லை. கோயிலில் பாட்டு, ஜெபம், பிரசங்கம் எல்லாம் தமிழாயிற்றே! ஒரு வாரம் அவர் போவார், ஒரு வாரம் நான் போவேன். உறவுக்காரர் யாரும் வீட்டுக்கு வரக்கூடாது. நாங்களே தமிழில் பேச வேண்டுமானால் கொல்லைப்பக்கம் போய்த் திருடர்கள் மாதிரிக் கிசுகிசுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு தாய் கைப்பிள்ளையிடம் என்னவெல்லாம் பேசுவாள்? தங்கம் என்பாள், கண்ணு என்பாள், ராசாத்தி என்பாள், அர்த்தமே இல்லாமல் எதையாவது சொல்லி முகத்தோடு முகம் உரசுவாள். எனக்கு எதுவும் கிடையாது. ஒருநாள் வாய் தவறித் தங்கம் என்றுவிட்டேன்.

"தங்கம்னா உலோகம். கண்ணுன்னா உறுப்பு. பிள்ளைகிட்ட ஏன் பொய் சொல்லுத?" என்று கொல்லைக்குக் கூப்பிட்டுக் கேட்டார்.

எனக்கு ஆத்திரத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிள்ளை அழுதால் "சேரக், தொ கரட் நா" என்று சொல்லலாம். பிள்ளையே, நீ அழாதே என்று அர்த்தம். அதைக் கேட்டு எந்தப் பிள்ளையாவது அழுகையை நிறுத்துமா? எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அது வாயைத் திறந்து என்னைப் பார்த்து அம்மா என்று சொல்ல வேண்டும். ராஜபாளையத்தில் இடுப்பில் பிள்ளை வைத்திருக்கிற ஒவ்வொருத்திக்கும் கிடைக்கிற அந்த ஒரு சொல் எனக்கும் கிடைக்க வேண்டும். அதற்காக மூன்று வருஷத்தையும் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளிவிடலாம் என்றிருந்தேன்.

பிள்ளைக்கு ஒரு வயது தாண்டியதும் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் பிரசவத்துக்காக வேலையை விட்டுப் போனார். நான் கலியாணத்துக்கு முன்னால் டிரெயினிங் முடித்தவள், அந்த இடத்துக்குக் கூப்பிட்டார்கள். ஓடினேன். பொழுதெல்லாம் தமிழில் கத்தலாம்! கணக்குத் தப்பாகப் போட்ட பிள்ளைகளை வாய் மணக்க வையலாம்! சம்பளமில்லாமல் அழைத்திருந்தால்கூடப் போயிருப்பேன். பிள்ளையை யாரிடம் விடுவது என்பதுதான் கேள்வி. ஆயா வைத்தால் தமிழ் பேசுவாள். இவர் நன்றாக யோசித்து, அடுத்த வீட்டில் விடலாம் என்றார்.

அடுத்தது ராஜுக்கள் வீடு. ஆண்கள் பஞ்சு வியாபாரம். அந்த வீட்டு அக்காவுக்கு வரிசையாகப் பிள்ளைகள், கூட ஒன்று வளர்வதால் அவர்களுக்குக் குறைந்துபோவது எதுவுமில்லை. எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள், எங்கள் பிள்ளையை மடியில் போட்டுக்கொள்ளுவதில் மட்டும் அவர்களுக்கு ஆட்சேபணை இல்லை. வீட்டுக்குள் தெலுங்குதான் பேசுவார்கள்.

"தெலுங்கு மட்டும் பாஷை இல்லையாக்கும்?" என்று நான் கேட்டேன்.

அவர் சிரித்தார். "அவிய வீட்டுல யாருக்காவது தெலுங்குல ஒரு எழுத்து எழுதத் தெரியுமா? கணக்கு எழுதுறது தமிழ்ல, கடுதாசி போடுறது தமிழ்ல. இவிய பேசுறதுக்கு இங்க எழுத்தே கிடையாது. எழுத்தில்லாதது வெறும் சத்தம். அது பிள்ளை மனசுல நிக்காது."

வார்த்தை என்பது எழுத்துக்கூட்டினால்தான் மனதில் ஒட்டும் என்பது அவருடைய கொள்கை. உப்பு ஜாடியில் ஒட்டுகிற மாதிரியே நினைத்துக்கொண்டார் போலும். டிரெயினிங் படித்த நானும் அதைக் கேட்டுக்கொண்டு தலையை ஆட்டினேன், எனக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற அவசரம். பிள்ளை முன்னால் தமிழ் பேசக்கூடாது என்று அந்த அக்காவிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, "எங்க வீட்டுல தமிழ் எங்கம்மா பேசறோம்?" என்றார்.

காலையில் அரைத்தூக்கத்தில் இருக்கிற பிள்ளையை நான் வாசலில் கொடுத்துவிட்டுப் போவேன். சாயங்காலம் மில் சங்கு ஊதியதும் இவர் வருகிற வழியில் வாங்கிக்கொண்டு வருவார். அந்த வீட்டுப் பெண்கள் வேற்று ஆண்கள் முன்னால் வர மாட்டார்கள். இவர் தெருவில் நின்று குரல் கொடுப்பார், வேலைக்காரம்மா பிள்ளையைக் கொண்டுவந்து விடுவாள். உள்ளே என்ன நடக்கிறது என்று இரண்டு பேருமே பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் அது நாலு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. சலக் என்று தண்ணீர் கேட்கும். மீரக் என்று எங்கள் இரண்டு பேரையும் கூப்பிடும். அந்த 'க்' அதன் வாயில் சுத்தமாக வந்து நிற்கும், உகரத்தின் நிழல்கூட இருக்காது. இவருக்கு அதைக் கேட்டு வானத்துக்கும் பூமிக்குமாக ஒரு சந்தோஷம். மற்றபடி வாயைத் திறந்தால் இவர் உடனே அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து விரலைத் தூக்குவார். அது வாயை மூடிக்கொள்ளும். மற்ற வீட்டுப் பிள்ளைகள் அந்த வயதில் கதை சொல்லின, பொய் சொல்லின, பெரியவர்களைப் பார்த்து வக்கணை காட்டின. இது மூலையில் உட்கார்ந்து ஆட்டுரல் மேல் ஒட்டியிருந்த தாளைச் சுரண்டிக்கொண்டிருக்கும்.

கோயிலுக்குப் போனால் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொள்ளத் தொடங்கினார்கள்.

"பிள்ளைக்குப் பேச்சு வரலையாம்லா?"

"எங்க சித்தி மகளும் இப்படித்தான் இருந்தா. கடைசி வரைக்கும் வரவே இல்ல."

ஐயரே ஒருநாள் வீட்டுக்கு வந்தார். பிள்ளை அவரைக் கண்டு என் சேலைக்குள் ஒளிந்துகொண்டது. செத்த நேரம் பார்த்துவிட்டு, "நாக்குக்கு அடியில ஒட்டியிருக்கான்னு ஆஸ்பத்திரியில காட்டுங்க. இதுக்கு மேல தாமசம் பண்ணாதீங்க" என்றார். இவர் பதற்றமே இல்லாமல், "இலக்கணம் எல்லாம் உள்ள சேர்ந்துக்கிட்டு இருக்கு ஐயரே. ஒருநாள் மொத்தமா வெளிய வரும்" என்றார். ஐயர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் போன பிறகு கொல்லைப்பக்கம் கிசுகிசுக்காமல் நடுவீட்டில் நின்றே சொன்னேன்.

"எம்பிள்ளை ஊமையா இருந்தா நான் சுமந்துக்கிடுவேன். நீங்க ஊமையாக்கியிருந்தா உங்களை நான் சும்மா விட மாட்டேன்."

"சத்தம் போடாத, பிள்ளை காதுல தமிழ் விழுது" என்றார். இவரை என்ன செய்ய? நீங்களே சொல்லுங்கள்.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை கொட்டியது. பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகி, பிள்ளைகள் எல்லாம் ஒரே மூலையில் ஒண்டிக்கொண்டு நின்றார்கள். மத்தியானமே விட்டுவிட்டார்கள். நானே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று அடுத்த வீட்டுக்குப் பின்பக்கமாகப் போனேன். முன்வாசலில் தண்ணீர் கட்டிக் கிடந்தது.

கொல்லைக் கதவுக்கு இப்பாலிருந்தே ஒரு பிள்ளை கூப்பாடு போடுவது கேட்டது. யாரோ அதன் புளியங்காயைப் பிடுங்கிவிட்டார்கள் போல. "நாதி! நாதி!" என்று தெலுங்கில் கத்தியது, என்னுடையது என்னுடையது என்று. பிறகு மூச்சு விடாமல் ஒரு நீளமான வழக்கு. நடுவில் அழுகை, அழுகைக்கு நடுவில் ஒரு வசவு, வசவுக்குப் பிறகு மறுபடி வழக்கு. வாயாடிப் பிள்ளை ஒன்று, அந்த வீட்டுப் பிள்ளைதான் என்று நினைத்துக்கொண்டு கதவைத் தள்ளினேன். என் பிள்ளை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றது.

கர்த்தரே, எம்பிள்ளை பேசுது! ஊமை இல்லை! நன்றாக வையவே தெரிகிறது! எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஓடிப் போய் அள்ள வேண்டும் என்று ஓரடி எடுத்து வைத்தேன். அதற்குள் அது அந்த அக்காவிடம் ஓடியது. சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, பையனைக் கையால் காட்டி, "அம்மா, சூடு! அம்மா, சூடு!" என்று முறையிட்டது. பார் அம்மா, பார் என்று அர்த்தம். அந்த வீட்டில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிட்டன.

அக்கா என்னைப் பார்த்துவிட்டு, "உங்க அம்மா வந்தாச்சு பாரு" என்று அதனிடம் தெலுங்கில் சொன்னார். பிள்ளை திரும்பியது. என்னைப் பார்த்ததும் முகத்தில் இருந்த கோபம், வழக்கு, எல்லாம் போய்விட்டது. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நேராக நின்று, "மீரக்" என்றது. சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்று என் முகத்தைப் பார்த்தது. பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்டர் வந்தால் என் வகுப்புப் பிள்ளைகள் அப்படி நிற்பார்கள்.

"இவ பேசுவாளாக்கா?" என்று கேட்டேன்.

"என்னம்மா இப்படிக் கேக்கறீங்க? வாய் ஓயாதேம்மா இவளுக்கு! காலையில ஆரம்பிச்சா சாயங்காலம் உங்க வீட்டுக்காரர் குரல் கேக்கற வரைக்கும் இதே கச்சேரிதான். வீட்டுல பேச மாட்டாளா?"

"உங்களை அம்மான்னு..."

அக்காவுக்கு அப்போதுதான் என் முகம் தெரிந்தது. "நானு சொல்லிக் குடுக்கலம்மா. எங்க பிள்ளைங்க கூப்பிடுதுங்க, அதுவும் கூப்பிடுது. பிள்ளைன்னு இருந்தா யாரையாச்சும் அம்மான்னு கூப்பிடணும்ல?" என்றார். என்னைப் புண்படுத்துவதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. ஆனாலும் அதற்கு மேல் அங்கே நிற்க என்னால் முடியவில்லை.

சாயங்காலம் இவர் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். தெருவில் நின்று குரல் கொடுத்துப் பார்த்துவிட்டு, பிள்ளை வீட்டிலேயே இருப்பதைக் கண்டு குழம்பிப் போய் உள்ளே வந்திருந்தார். முதலில் அவருக்கு விளங்கவில்லை.

"தெலுங்கா?"

"தெலுங்குதான்."

"ஒண்ணு ரெண்டு வார்த்தையா?"

"வழக்காடுறா. வையுறா. நான் கேட்டேன்."

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே கேட்டார், "எழுத்தே இல்லாம எப்படிட்டி?"

அவ்வளவுதான். அத்தனை வருஷமாக வார்த்தையில்லாமல் அடைத்துக் கிடந்தது எல்லாம் வெளியே வந்தது. எனக்குத் தெரிந்த வசவு எல்லாவற்றையும் தமிழில், பிள்ளையின் முன்னால், தெருவே கேட்கிற மாதிரிச் சொன்னேன். எம்பிள்ளை அடுத்த வீட்டுக்காரியை அம்மா என்கிறது, என்னைப் பார்த்தால் பரீட்சைக்கு நிற்கிறது, உம்ம புள்ளியும் கோடும் நாசமாகப் போக என்றேன். உம்ம என்று அவரை நான் கூப்பிட்டது அதுதான் முதலும் கடைசியும். மறுநாள் லீவு போட்டுவிட்டு, வீட்டில் ஒட்டியிருந்த தாள் எல்லாவற்றையும் அவரே சுரண்டி எடுத்தார். எனக்கு லேசாக மனசு இளகியது. இளகியிருக்கக்கூடாது. கடைசித் தாளை எடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே, "தெலுங்குல எல்லாச் சொல்லும் உயிரெழுத்துல முடியுது, பாத்தியா? அதான் பிள்ளைக்கு லேசா வந்திருக்கு. அந்த 'க்'க மட்டும் எடுத்துட்டா என்ன?" என்றார். கையில் அகப்பை இருந்தது. அது அவர் மேல் படவில்லை, சுவரில்தான் பட்டது.

பள்ளிக்கூட வேலையை விட்டேன். பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொண்டு தமிழ் பேசினேன். காலையில் எழுந்ததிலிருந்து படுக்கிற வரைக்கும் பேசினேன். தங்கம் என்றேன், கண்ணு என்றேன், ராசாத்தி என்றேன், சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் கொட்டினேன். பிள்ளை மழையில் நனைந்த மண் மாதிரி உறிஞ்சிக்கொண்டது. சில வாரத்தில் தண்ணி கேட்டது, வேண்டாம் என்று சோற்றைத் தள்ளியது, கோழியைப் போ என்று விரட்டியது. ஒருநாள் சாயங்காலம் மில்லிலிருந்து வந்தவரைப் பார்த்துத் தானாகவே "அப்பா" என்றது. அடுத்த வீட்டில் தகப்பனை நாயனா என்பார்கள், ஆகவே அப்பா என்கிற சொல் ஆளில்லாமல் கிடந்தது, அது இவருக்குப் போய்விட்டது. அம்மாவும் வேண்டாம், அப்பாவும் வேண்டாம் என்று அழித்து எழுதினவருக்கு! அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அழுதார். நான் அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வயிறு எரிந்தது என்று சொல்ல எனக்கு எந்த வெட்கமும் இல்லை.

அம்மா சொல்லு என்று கேட்டால் பிள்ளை சிரிக்கும். மடியில் ஏறிக்கொள்ளும், கழுத்தைக் கட்டிக்கொள்ளும். சொல்லாது. நானும் விடவில்லை. மிட்டாய் காட்டினேன். கோபித்துக்கொண்டேன். ஒரு தடவை, கடவுள் மன்னிக்கட்டும், விரலைத் தூக்கினேன். தூக்கின விரலைப் பார்த்ததும் அது வாயை மூடிக்கொண்டது. உடனே இறக்கிவிட்டேன்.

இதற்கெல்லாம் பிறகு ஒருநாள் பொழுது சாயும் நேரம். அடுத்த வீட்டில் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிற சத்தம் கேட்டது. நான் என் பிள்ளைக்குச் சோற்றைப் பிசைந்து கையில் எடுத்தேன். அது வாங்கவில்லை. உதடு பிதுங்கியது, கண் நிறைந்தது. என் கையைத் தள்ளிவிட்டு, என் முகத்தைப் பார்த்து அழுதுகொண்டே சொன்னது.

"எனக்கு அம்மா வேணும்."

தமிழில் அது சொன்ன முதல் முழு வாக்கியம். ஓர் எழுத்துப் பிழை இல்லை. நான் கையைக் கழுவினேன். முந்தானையால் அதன் முகத்தைத் துடைத்து, தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அடுத்த வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன்.